கன்ட்ரோல் குரூப்

என் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டில் ஒரு பொய் இருக்கிறது. ஆய்வு நடந்த முறையைச் சொல்லும் இடத்தில், போஸ்ட்-டெஸ்ட் முடிந்ததும் கன்ட்ரோல் குரூப் மாணவிகளுக்கும் அதே பாடம் நடத்தப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். நடத்தவில்லை. ஒரு கட்டுக் கையேட்டைத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டுப் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். கையேடு நல்ல தாளில் அடித்தது, அட்டையில் முருங்கைக்கீரை.

இது சின்னப் பொய். பெரும்பாலும் எல்லோரும் எழுதுவதுதான். இதற்குப் பின்னால் இருப்பதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நர்சிங்கில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு எங்கள் ஆய்வுத் தலைப்புகளின் வாய்ப்பாடு தெரியும். தேர்ந்தெடுத்த பள்ளியில், வளரிளம் பெண்களிடம், இன்ன நோயைப் பற்றிய அறிவு, பாடம் நடத்திய பிறகு எவ்வளவு கூடியது. ஊரையும் நோயையும் மாற்றினால் அடுத்த செட்டுக்கு ஆயிற்று. என்னுடைய நோய் ரத்தசோகை. என்னுடைய ஊர் பொன்னேரி வட்டம், பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகள். ஒன்றில் முப்பது பேருக்குப் பாடம் உண்டு. மற்றதில் முப்பது பேருக்குப் பாடம் கிடையாது, அவர்கள் கன்ட்ரோல். இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் ஒரே கேள்வித்தாள். ரத்தப் பரிசோதனை திட்டத்திலேயே இல்லை, அதற்கு அனுமதி வாங்க அலைய வேண்டும். ரத்தசோகையைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினேன், ஒரு சொட்டு ரத்தம் பார்க்காமல்.

கன்ட்ரோல் பள்ளியில் ப்ரீ-டெஸ்ட் அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேள்வித்தாள்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். எழுப்பினேன். கை தானாகப் போய்க் கீழிமையை இறக்கிப் பார்த்தது. சிவப்பு என்று அங்கே ஒன்றும் இல்லை. நகங்கள் நடுவில் குழிந்திருந்தன. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டேன். "இங்க மாடியே இல்ல மிஸ்" என்றாள். சாப்பிட்டாயா என்றதற்கு, "காலையில சாப்டல. அம்மா இருட்டுலயே எறாலுக்குப் போய்டும். தம்பிக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டு வந்துருவேன்." வாராவாரம் பள்ளியில் தருகிற நீல மாத்திரை? பக்கத்தில் இருந்தவள் முந்திக்கொண்டாள்: "போட்டா வாந்தி வருது மிஸ். ஜன்னலுக்கு அந்தாண்ட போட்டுருவோம்."

முதல் வருஷ மாணவிக்கே தெரியும் அடுத்து என்ன செய்வதென்று. ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இந்த வயதில் 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. வாரத்துக்கு ஒரு மாத்திரை என்பது வராமல் தடுக்க. வந்துவிட்டவளுக்கு அது போதாது, தினமும் வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும். மாதவிலக்கில் எவ்வளவு போகிறது, கொக்கிப்புழு இருக்கிறதா, காலில் செருப்பு உண்டா என்று கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போடாதே, சாப்பிட்டுவிட்டுப் போடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு, அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒரு போன். நம்பர் என்னிடம் இருந்தது.

செய்யவில்லை. மறந்து போகவும் இல்லை, கணக்குப் போட்டுத்தான் விட்டேன். இவளுக்குச் சொன்னால் பக்கத்துப் பெஞ்சுக்குப் பரவும், கன்ட்ரோல் குரூப்பின் மதிப்பெண் ஏறும், இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் குறையும். இவளை நீக்கினால் எண்ணிக்கை இருபத்தொன்பது. மறுபடி ஆள் சேர்க்க வேண்டும், காலாண்டுத் தேர்வு வேறு நெருங்குகிறது. போஸ்ட்-டெஸ்ட் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தோளைத் தட்டி உட்கார வைத்தேன். போஸ்ட்-டெஸ்ட் அன்று முப்பது பேரும் வந்திருக்கிறார்களா என்றுதான் எண்ணினேன். வந்திருந்தார்கள். அவள் பெயரும் என்னிடம் இல்லை. ரகசியம் காக்க எண் மட்டும் போதும் என்பது விதி, அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. கன்ட்ரோல் 17.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பி.எஸ்சி. படிக்கும்போது கம்யூனிட்டி போஸ்டிங்கில் அந்தப் பக்கத்துக் குடிசைகளில்தான் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம். இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றில் தவழ்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். ஓர் அம்மா விரல்களை நீட்டிப் பிளாஸ்திரி கேட்டார். கிளிஞ்சல் கிழித்து எல்லா நுனியும் வெடித்திருந்தது. பிடித்ததில் பிள்ளைக்குக் கொஞ்சம் வைக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். முன்பணம் வாங்கியிருக்கிறோம், எடை குறைந்தால் வியாபாரி கத்துவார் என்றார். இவ்வளவும் கேட்டவள்தான் சில வருஷம் கழித்து, 'இரும்புச்சத்து மிகுந்த உணவு எது?' என்று நான்கு விடை கொடுத்து ஒன்றை டிக் செய்யச் சொன்னேன். படிப்பு ஏற ஏற வீட்டு வாசலிலிருந்து பள்ளிக் காம்பவுண்டுக்கும், அங்கிருந்து டி-டெஸ்ட் அட்டவணைக்கும் நகர்ந்துவிட்டேன்.

பள்ளி நர்ஸின் வரலாறு என்று பரீட்சையில் கேள்வி வரும். லீனா ராஜர்ஸ், நியூயார்க், 1902 என்று எழுதினால் மார்க். கண் நோயும் படர்தாமரையும் உள்ள பிள்ளைகளை டாக்டர்கள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் அவர்கள் தெருவில் திரிந்தார்கள். லிலியன் வால்ட் என்ற நர்ஸ் அனுப்பிய ராஜர்ஸ் நான்கு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் பின்னாலேயே வீடு வரை போனார். ஒரு வருஷத்தில் திருப்பி அனுப்பப்படுவோர் எண்ணிக்கை பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. முழு மார்க் வாங்கினேன்.

பாடத்திட்டத்தின்மேல் பழி போட வழி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு 1965-லேயே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார். இன்று அங்கே குடும்ப மருத்துவத்துக்கென்றே நர்சுகளுக்கு முதுகலை உண்டு. இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அப்படி ஒரு ரெசிடென்சி வந்திருக்கிறது. பள்ளியும் குடும்பமும் எங்களுக்குக் கம்யூனிட்டி ஹெல்த்தின் ஓரிரு அத்தியாயங்கள். இதெல்லாம் உண்மைதான், ஆனால் எனக்கு உதவாது. இமையை இறக்கிப் பார்க்கவும், சீட்டு எழுதவும் அந்த ஓரிரு அத்தியாயங்களே சொல்லிக் கொடுத்திருந்தன.

இப்போது நானே கைடு. மாணவிகள் முதல் பக்கத்தில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் எண்ணைப் போடுகிறார்கள்: 2019-21-இல் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இரண்டாம் பக்கத்திலிருந்து அந்த 59 பேரைக் காணோம், அறிவு மட்டும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஒருத்தி கேட்டாள்: "மேம், கன்ட்ரோல் குரூப்ல யாருக்காவது உடம்பு முடியாம இருந்தா என்ன பண்றது?" யோசிக்காமல் பதில் சொன்னேன்: "எக்ஸ்குளூஷன் கிரைட்டீரியால போட்டுடு." எழுதிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, அந்த வரியை அடிக்கச் சொன்னேன். சோகை தெரிகிறவளை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும், சாம்பிள் குறைந்தால் குறையட்டும் என்று எழுதச் சொன்னேன். கமிட்டி கேட்டால் என்ன சொல்வது என்றாள். என் பெயரைச் சொல் என்றேன். அவளும் பொன்னேரிப் பக்கத்துப் பள்ளியைத்தான் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போகும்போது நீங்களும் வருவீர்களா மேம் என்று கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.