கள்ளிமுளையானுக்குப் பெயர் வைப்பவர்கள்

2011-ஆம் ஆண்டு கோவைத் தாவரவியலாளர்களுக்கு இரட்டை மகிழ்ச்சி. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் கண்டு விவரித்த காரலுமா டிஃப்யூசா, சுமார் 160 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கேயே மறுபடி அகப்பட்டது. அதே ஆண்டில், அதுவரை எவரும் விவரித்திராத காரலுமா பைகலர் என்ற சிற்றினமும் கோவையிலிருந்து அறிவியல் இதழில் வெளியானது. இரண்டுக்கும் உழைத்தவர்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும். இரண்டு செடிகளும், ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்துத் தின்கிற, வீடுகளில் துவையல் அரைக்கிற நம் கள்ளிமுளையானின் நெருங்கிய சொந்தங்கள்.

இத்தனை நாள் நம் காலடியில் இருந்த ஒரு செடி புதியது என்று எப்படி முடிவாகிறது? யாருடைய கைகள் அதைச் செய்கின்றன? இதைப் பார்க்கத்தான் ஐப்பசி மழைக்குப் பிறகு, காரலுமா இனத்தை ஆராயும் ஒரு பேராசிரியையுடனும் அவர் மாணவர்களுடனும் கிளம்பினேன். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கிளுவை வேலிக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார்கள். முள்ளும் சருகுமாகக் கிடந்த இடத்தில், விரல் தடிமனில் நான்கு பட்டையான பச்சைத் தண்டுகள் நின்றன. இலை இல்லை. நுனி மெலிந்துகொண்டே போய், அதில் கருஞ்சிவப்புப் பூக்கள் தொங்கின. ஒரு மாணவர் தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். கள்ளி என்றால் பால் வடியும் என்று நினைப்போம். இதில் தெளிந்த நீர்தான் கசிந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் வேறு குடும்பம். இது எருக்கின் குடும்பம். பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்குவதால், மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கிறது. வெயிலையும் ஆட்டின் வாயையும் கிளுவை முள் தடுத்துத் தருகிறது.

வெள்ளாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "ஏனுங், இதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? இதுல ரெண்டு மூணு தினுசு இருக்குதுங்க. ஒண்ணு திங்கலாம், ஒண்ணு கசக்கும், ஒண்ணு பூத்தா நாறும்" என்றார். பேராசிரியை உடனே நோட்டை எடுத்துக்கொண்டு, "ஐயா, நாறுறது எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். இவர்கள் வேலையில் முதல் தகவல் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறதாம்.

செடியைப் பிடுங்கவில்லை. பூவோடு ஒரு கிளையை மட்டும் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பே நிறம், மணம், தண்டின் உயரம், மண், பக்கத்துச் செடிகள் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டன. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும் என்பதால், அந்த இடத்தில் எழுதாததைப் பிறகு எழுத முடியாது.

ஆய்வுக்கூடத்தில்தான் இந்தத் தொழிலின் கடினம் தெரிந்தது. மற்றச் செடியைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினால் சில நாளில் காய்ந்துவிடும். சதைப்பற்றுள்ள செடி லேசில் சாகாது. அழுத்துப் பலகைக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, சில சமயம் முளையும் விடும், இல்லையென்றால் அழுகும். அதனால் தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து, கொதிநீரிலோ சாராயத்திலோ முக்கிய பிறகே தாளுக்குள் வைக்கிறார்கள். ஈரத்தாளை எடுத்துவிட்டுத் தினமும் காய்ந்த தாள் மாற்ற வேண்டும். பூக்கள் தனியாகச் சாராயப் புட்டியில் போகின்றன. அழுத்தினால் அவற்றின் அமைப்பு நசுங்கிவிடும்.

அந்த அமைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவி ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் பூ ஒன்றை ஊசியால் பிரித்துக் காட்டினார். ஐந்து இதழ்களுக்கு நடுவே கொரோனா என்கிற சிறு மகுடம், வெளிவரிசை உள்வரிசை என இரண்டு அடுக்காக. உள்வரிசை மடல்கள் மகரந்தப்பைகளின்மேல் படுத்திருந்தன. மகரந்தம் தூளாக இல்லாமல், மஞ்சள் மெழுகுப் பொட்டலங்களாக இரண்டிரண்டாகப் பிணைந்திருந்தது. பூவுக்கு வரும் ஈயின் உடம்பில் மாட்டி அடுத்த பூவுக்குப் போவது அந்த ஜோடி. மடலின் நுனி பிளந்திருக்கிறதா, இதழோரத்தில் மயிர் உண்டா, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்று பல பூக்களில் அளந்து எழுதுகிறார். தண்டைப் பார்த்து அண்ணன் தம்பி போலத் தோன்றும் இரண்டு செடிகள் இங்கேதான் வெவ்வேறாகின்றன.

அளந்தால் போதாது, பழைய பதிவுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்கு லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு வருகிறார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் அது. உலர்ந்த செடிகள் கெட்டித்தாளில் ஒட்டப்பட்டு, தடித்த பாகங்கள் நூலால் தைக்கப்பட்டு, சேகரித்தவர் பெயர், நாள், இடம் எழுதிய சீட்டோடு வரிசையாக இருக்கின்றன. வைட் 1842 முதல் 1853 வரை கோவையில் பருத்திச் சோதனைகளைக் கவனித்தவர். அவர் வெளியிட்ட தாவரப் படத்தொகுதி ஆறு பாகங்கள், 2,101 படங்கள். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். இன்று மாணவர்கள் அந்த வரைபடங்களோடும் ஒத்துப்பார்க்கிறார்கள்.

எதனோடும் பொருந்தவில்லை என்று உறுதியானபின் விவரிப்பு எழுதப்படும். ஒரு மாதிரி ஹோலோடைப் என்று குறிக்கப்பட்டு ஹெர்பேரியத்தில் வைக்கப்படும். அந்தப் பெயருக்கு இனி அதுவே சாட்சி. 1935 முதல் 2011 முடிய புதிய தாவரத்துக்கு லத்தீன் விவரிப்பு கட்டாயம். காரலுமா பைகலர் அந்த விதியின் கடைசி ஆண்டில் வந்தது. இப்போது லத்தீன் அல்லது ஆங்கிலம் போதும்.

இத்தனை துல்லியமாக எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மங்கலாக விடத் தொடங்கியிருக்கிறார்கள்: செடி நிற்கும் சரியான இடம். தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் கானோஃபைட்டம் என்ற சிறு சதைச் செடிகளைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கிச் செல்கிறார்கள். அரியது என்ற செய்தியே விலையை ஏற்றிவிடுகிறது. இங்கோ, உடல் இளைக்கும் மாத்திரைக்காகக் கள்ளிமுளையானுக்கே வெளிநாட்டில் சந்தை உண்டு. நான் ஊர்ப்பெயரை எழுதாததும் இதனால்தான்.

ஆனாலும் நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் பெரிய ஆபத்து திருடன் அல்ல. கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடுவதும், மேய்ச்சல் நிலம் சைட்டாக மாறுவதும், கல்குவாரியும், சீமைக்கருவேலமும்தான். உயர்ந்த மரம் இல்லாத முட்காட்டைத் தரிசு என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மாதக்கணக்கில் ஒரு பூவை அளந்து பெயர் வைத்தவர்களின் உழைப்பு, ஒரு மதியம் ஓடும் பொக்லைனில் வீணாகிவிடும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்த வெள்ளாட்டுக்காரப் பெரியவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று தினுசும் அதில் ஏற வேண்டும். அவர் ஆடு மேய்க்கும் புறம்போக்கு மேய்ச்சல் நிலமாகவே நீடிக்க வேண்டும். உங்கள் ஊர் கிராமசபை அடுத்த முறை கூடும்போது, நம் பதிவேட்டில் முட்காடு இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். செடிக்குப் பெயர் வைக்கிறவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.