கடை போச்சு, ஸ்டாப்பிங் இருக்கு!

முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த ஊர் என்பதால் திருத்தணி என்று பேர். அதெல்லாம் மலை மேலே. கீழே ஸ்டேஷனில் காலை எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் எதுவும் தணிந்த மாதிரி தெரியாது. சென்னைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அரக்கோணத்தில் ஒரு கூட்டம் ஏறும், திருவள்ளூரில் இன்னொரு கூட்டம். அப்புறம் ஏறுகிறவர்களுக்கு அந்த முருகனே துணை. (மலைக்கு 365 படி, நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. சீஸன் டிக்கெட்காரர்களுக்குத் தினமும் ஒரே படிதான். ஃபுட்போர்டு!)

இந்த ரயில் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். 'சரி, மார்க்கெட் எங்கே?' என்று தேடாதீர்கள். 1900-ல் திறந்த அந்தச் செங்கல் மாளிகை 1985 மே மாதம் எரிந்து போயிற்று. பழைய புத்தகம், லவ் பேர்ட்ஸ், கிராமபோன் தட்டு என்று சகலமும் விற்ற இடத்தில் இப்போது பிளாட்பாரம். சென்னையில் பெரிய கடை ஏதாவது செத்தால், அடுத்த ஜன்மத்தில் அது ஸ்டாப்பிங்காகப் பிறக்கும்!

அங்கிருந்து பஸ் பிடித்து மவுன்ட் ரோடு வந்தால் 'ஸ்பென்சர்' ஸ்டாப். 1863-ல் சார்லஸ் டூரன்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. அப்புறம் யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்து பூதாகாரமாக வளர்ந்தது. தெற்கே ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளைக்கூட ஸ்பென்சர்தான் நடத்தினார்கள். திண்டுக்கல் சுருட்டுக்கு ஒரு மவுசு வந்ததே அவர்களால்தான். பழைய கட்டடத்தை 1983-ல் தீ தின்றுவிட, அந்த இடத்தில் வந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. தொண்ணூறுகளில் அங்கே ஏ.சி. வாங்கப் போனவர்கள்தான் அதிகம். ஏ.சி. மெஷின் இல்லை சார், வெறும் ஏ.சி. காற்று!

இதே ரோட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. வொயிட்அவே லெயிட்லா என்று ஒரு கம்பெனி. கல்கத்தாவில் தொடங்கி பம்பாய், கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் வரை கிளை பரப்பிய சங்கிலிக் கடை. கடன் என்ற பேச்சே கிடையாது, காசை வைத்துவிட்டுச் சாமானை எடு. அதனால் வெள்ளைக்காரர்களே கடைக்கு 'ரைட்அவே அண்ட் பெய்டு ஃபார்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மவுன்ட் ரோடில் அவர்கள் இருந்த கட்டடம் பிறகு 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்குப் போய் 'விக்டரி ஹவுஸ்' ஆனது. அதற்கப்புறம் யாரிடம் வந்தது தெரியுமா? தவணை முறைக்குப் பேர் போன வி.ஜி.பி.யிடம்! கடனே கிடையாது என்று கறாராகச் சொன்ன கட்டடத்திலேயே 'மாதா மாதம் கட்டினால் போதும்' என்று ரேடியோ, கடிகாரம். சுவருக்குக் காது இருந்திருந்தால் விழுந்தே இருக்கும்.

ஆனால் நம்ம தலைமுறைக்கு நிஜமாகத் தெரிந்த சூப்பர் மார்க்கெட் கதை 1996-ல்தான் ஆரம்பம். அந்த வருஷம் ராஜா அண்ணாமலைபுரத்தில் முதல் ஃபுட்வேர்ல்டு. வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள். உள்ளே கூடையைத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் உலாத்திவிட்டு, ஒரே ஒரு ஷேவிங் பிளேடுடன் வெளியே வந்த பேச்சிலர்களை எனக்குத் தெரியும். ராதாகிருஷ்ணன் சாலை நீல்கிரீஸிலும் இதே உலாத்தல்தான். (சாலைக்குப் பேர் கொடுத்தவர் நம்ம திருத்தணிக்காரர் என்பதில் எனக்கு ஓர் அல்ப பெருமை.) ஃபுட்வேர்ல்டு கூட்டாளிகள் 2005 வாக்கில் பிரிய, சென்னைக் கடைகளில் பலகை மாறி 'ஸ்பென்சர்ஸ்' ஆயிற்று. 1905-ல் பிறந்த நீல்கிரீஸை 2014-ல் ஃப்யூச்சர் குரூப் வாங்கியது. அந்த குரூப்பின் பிக் பஜாரே 2022-ல் காணாமல் போனது.

1997-ல் திருவான்மியூரில் திறந்த சுபிக்ஷா வேறு ரகம். ஏ.சி. கிடையாது, பளபளப்பு கிடையாது. சின்னக் கடை, விலை குறைவு, அவ்வளவுதான். மருந்துக்குக்கூட பத்து சதவிகிதம் தள்ளுபடி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, அம்மாவுக்கு சுகர் மாத்திரை. மருந்துச் செலவில் பத்து சதவிகிதம் என்றால் சும்மாவா? மாதம் முதல் சனிக்கிழமை மாத்திரையோடு துவரம்பருப்பு, எண்ணெய் எல்லாம் இரண்டு பையில் கட்டி ரயிலேற்றிவிடுவேன்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் செட்டியார் மளிகை. அப்பா கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எங்களுக்கு அங்கே நோட்டு உண்டு. தமிழில் எழுதி, தெலுங்கில் கூட்டிப் பார்ப்பார். (1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. போராடி எல்லை மாறியது. செட்டியாரின் கணக்குப் போடுகிற பாஷை மாறவில்லை.) பொட்டலத்தோடு ஒரு துண்டு வெல்லம் கொசுறு. பையோடு நான் கடையைத் தாண்டும்போது அவர் தராசையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை கேட்டார்.

"பட்டணத்துப் பருப்பு நல்லா வேகுதாம்மா?"

அம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சுபிக்ஷா 2006-க்கு அப்புறம் தமிழ்நாட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்தது. 2008-க்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கடை. காய்கறி, செல்போன், எல்லாம். ஓடியது கடன் வாங்கிய காலில். அந்த வருஷம் உலகமே பண நெருக்கடியில் சிக்க, புதுக் கடன் பிறக்கவில்லை. மளிகையில் பணம் இல்லையென்றால் சாமான் வராது. சாமான் இல்லையென்றால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் பணம் ஏது? இந்தச் சக்கரத்தில் மாட்டியவர்கள் தப்புவது கஷ்டம். அலமாரிகள் காலியாகி, 2009 ஆரம்பத்தில் ஷட்டர் இறங்கியது.

இதே மாதிரி இழுத்து மூடிய வேறொரு கடையில் (பேர் வேண்டாம்) எங்கள் தெருப் பையன் பில் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாசச் சம்பளம் நின்று போயிற்று. தவணையில் எடுத்த பைக்கை வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். யூனிஃபார்ம் டீ-ஷர்ட்டை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பஜாரில் சுற்றினான். கடைசியில் அவனை அழைத்துக் கல்லாவில் உட்கார வைத்தவர் செட்டியார். "வேகமா கூட்டறாண்டா" என்பதோடு சரி, வேறு பேச்சில்லை. எங்கள் நோட்டையும் எதுவும் கேட்காமல் பழைய பக்கத்திலிருந்தே தொடர்ந்தார். புதுசாகப் போட்டிருந்தால்கூட அம்மாவுக்கு அத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

எல்லாக் கடையும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 1904-ல் சில நண்பர்கள் கூடி ஆரம்பித்த திருவல்லிக்கேணி கூட்டுறவு சங்கம், அதாவது டி.யு.சி.எஸ்., இன்னும் இருக்கிறது. தேனாம்பேட்டை காமதேனு அவர்களுடையதுதான். விளம்பரமும் கிடையாது, அவசரமும் கிடையாது. (பில் போடுகிற இடத்திலும்தான்!)

அண்ணாநகரில் இருந்த கூட்டுறவு சூப்பர் மார்க்கெட் சிந்தாமணியும் இதே ரகம்தான். நாலு தெருவுக்கு அடையாளம் சொல்ல அது ஒன்றே போதும். போன மாதம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய பையன் கண்டக்டரைக் கேட்டான்:

"சிந்தாமணின்னா இன்னாண்ணா, கோயிலா?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எங்கம்மா பாமாயில் வாங்கின கடைப்பா. நீ எறங்கு."