தந்தை பெயர்: அருளர்

வெள்ளைக்காரர்களுக்கு இந்த இனிஷியல் சமாச்சாரம் அவ்வளவாகப் புரிவதில்லை. நாம்தான் ஸ்கூல் அட்டெண்டன்ஸிலிருந்து பி.காம். சர்டிபிகேட் வரைக்கும் அப்பாவை ஓர் எழுத்தாக முன்னால் நிறுத்திவிட்டு, பின்னாலேயே நடக்கிறோம். லண்டனில் ஒரு தமிழ்ப்பெண் இன்னும் ஒரு படி மேலே போய், தன் முதல் ஆல்பத்துக்கே அப்பா பெயரை முழுசாக வைத்துவிட்டார். ஆல்பம் 'அருளர்'. வருஷம் 2005. பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா.

விசேஷம் என்னவென்றால், அந்த அப்பா வீட்டில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அருளர் 1975ல் லண்டனில் 'ஈரோஸ்' இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறிய தமிழர்களை வைத்து 'லங்கா ராணி' என்று நாவல் எழுதியவர். மாயா பிறந்ததும் லண்டனில்தான். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பா எப்போதாவது தலைகாட்டினால், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் 'மாமா' என்றுதான் அறிமுகமாம்! நடுவில் கொஞ்சகாலம் சென்னை. 1986ல் அகதியாக மறுபடி லண்டன். அம்மா கலா துணி தைத்தே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார்.

சங்கீதமெல்லாம் மாயா முறையாகப் படித்ததில்லை. படித்தது லண்டன் செயின்ட் மார்டின்ஸ் கலைக்கல்லூரியில். 'எலாஸ்டிகா' என்ற ராக் கோஷ்டியோடு வீடியோ எடுக்க ஊர் சுற்றப்போன இடத்தில், ரோலண்ட் எம்.சி.505 என்ற பெட்டி அறிமுகமானது. நம்ம ஊர் கல்யாணக் கச்சேரியில் ஒருத்தர் ஓரமாக உட்கார்ந்து ரிதம் பேடைத் தட்டிக்கொண்டிருப்பாரே, அந்தச் சாமானுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டித் தட்டித்தான் பாட்டுப் போட்டார்.

லண்டனுக்கு இது புதுசு இல்லை. கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் அங்கே 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஊரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் மைக் செட். திண்டுக்கல் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்குப் புளியமரத்தில் குழாய் கட்டுகிறவர்கள் திடீரென்று சொந்தமாக ஆல்பம் போட்டு லண்டனைக் கலக்கினால் எப்படி இருக்கும்? 1989ல் 'சோல் டு சோல்' என்ற மைக் செட் கோஷ்டி அதைத்தான் செய்தது. அவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் நம்ம மாயாவும் உள்ளே நுழைந்தார் என்பது என் கட்சி.

ஆல்பம் எப்படி? முதல் தடவை கேட்டால் தலைவலி வரும். ரியோ சேரியின் டான்ஸ் தாளம், ஜமைக்கா, லண்டன் தெருப்பேச்சு எல்லாம் ஒரே குக்கரில். மூன்றாம் தடவை கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதென்று எம்.டி.வி. தயங்கியது. வெடிகுண்டு, துப்பாக்கி என்று வார்த்தைகளைத் தீபாவளி சரம் மாதிரி கொளுத்திப் போடுகிறார். சில இடங்களில் யோசித்துத்தான் போட்டாரா என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் 2005ல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம் பிடித்தது.

இனிமேல்தான் கதையே. அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. என்றைக்காவது இன்டர்நெட்டில் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்தால் மகள் தட்டுப்படட்டும் என்றுதான் அந்தப் பெயர் என்று மாயா பேட்டியில் சொல்லியிருக்கிறார். தட்டுப்பட்டது. அப்பாவிடமிருந்து ஈ-மெயில் வந்தது. பெருமையாக இருக்கிறது, ஆனால் ஆல்பத்தின் பெயரை மாற்று என்று!

இவர் மாற்றவில்லை.

நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நண்பர். வத்தலக்குண்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. ஆனால் பாருங்கள், எந்த ஃபாரம் கொடுத்தாலும் 'தந்தை பெயர்' கட்டத்தை மட்டும் அச்சடித்த மாதிரி நிரப்புவார். மற்றதெல்லாம் கோழி கிறுக்கல். அவரிடம் இந்த ஈ-மெயில் கதையைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மாத்தலைல்ல?" என்றார். "இல்லை" என்றேன். "அதான் கரெக்ட். பேரு அவரோடதா இருக்கலாம், ஆனா சுமக்கறது யாரு?" என்று சொல்லிவிட்டு லெட்ஜருக்குள் புகுந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், நியாயப்படி முதல் ஆல்பத்துக்குத் தையல் மெஷினை மிதித்த அம்மா பெயரைத்தான் வைத்திருக்கணும். அதற்கு அந்தம்மா 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆல்பம் 'கலா'. எப்பவும் வீட்டில் இருக்கிறவர்களுக்கு லேட்டாகத்தானே சாப்பாடு!

அருளர் 2019ல் காலமானார்.

கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை: நேராக 'அருளர்' பக்கம் போகாதீர்கள். முதலில் 'கலா'வில் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைப் போடுங்கள். சாட்சாத் நம்ம உருமி மேளம் உறுமும். காது பழகியதும் 'அருளர்' ஆல்பத்தில் 'கலாங்' கேளுங்கள். ஆபீஸில் வேண்டாம், மேனேஜர் ஏற்கெனவே உங்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பார்.