காமன் பொட்டலில் ஓரிரவு

2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், மாசிப் பௌர்ணமியன்று, பேராதனையில் கல்வி கற்க வந்திருந்த தஞ்சை மாவட்டத்து மாணவனொருவன் ஹற்றனுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இரவு முழுவதும் கண்விழித்திருந்தான். தோட்டத்துப் பிள்ளையான விடுதி நண்பன், “காமன் கூத்துப் பார்க்க வா மச்சான்” என்று அழைத்திருந்தான். காமன் பண்டிகை அவனுக்குப் புதிதன்று. எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடிய விடிய வாதாடும் லாவணியைத் தன் ஊரிலே கேட்டு வளர்ந்தவன். கடல் கடந்து வந்து இதையா பார்ப்பது என்ற அலட்சியம், புகையிரதம் ஏறும்போது அவனிடம் இல்லாமலில்லை.

பொட்டலை அடைந்ததும் அந்த அலட்சியம் போன இடம் தெரியவில்லை. லயங்களுக்கு நடுவே சிறு வெளி. அமாவாசை கழிந்து நாட்டிய காமன் கம்பம். சுற்றிலும் கம்பளி போர்த்த கூட்டம். அவனூரில் காமன் எரிந்தானா இல்லையா என்பது வாதம். இங்கோ அவன் எரிவதை எல்லோரும் கூடி ஆடியே காட்டினர். முதல் நாள்வரை கவ்வாத்துக் கத்தி பிடித்த கை மன்மதனின் கரும்பு வில்லை ஏந்தியது. தப்பு முழங்க முழங்கக் குளிர் மறந்தது. யாரோ நீட்டிய இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிறுவரோடு சேர்ந்து அவனும் நாலடி ஆடினான். தாளம் தப்பிய அவனுடைய ஆட்டம் கூத்தைவிட அதிகச் சிரிப்பை விளைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடிக் களைத்து அமர்ந்தபோது அருகிலிருந்த முதியவர் கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

“தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா.”

“எங்களுக்கும் அங்கிட்டுத்தான். திருச்சி ஜில்லா, துறையூரு.”

“கடைசியா எப்பப் போனீங்க?”

“நான் எங்க போனேன்? எங்க பாட்டன் வந்ததோட சரி.”

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாக்கியது. மாணவன் இவ்வெண்களை நூலகத்தில் குறித்து வைத்திருந்தான். ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனும் தங்கையும் அவற்றால் இரு தேசத்தாரான கதையை அன்றிரவுதான் கேட்டான். தங்கை குடும்பம் 1972 தை மாதத்தில் புறப்பட்டது. தலைமன்னாருக்குச் சென்ற வண்டியைத் தோட்டத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். கப்பலில் இராமேசுவரம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி. சில காலம் கடிதம் வந்தது. பின்னர் அதுவும் நின்றது.

“அந்த மாசிக்கு நாந்தான் ரதி வேசம் கட்டினேன். ஒப்பாரி சொல்லுறப்ப எனக்கு மம்மதன் நெனப்பே இல்ல தம்பி.”

அப்போது பொட்டலில் சிவனுடைய நெற்றிக்கண் திறந்தது. கம்பம் பற்றிக்கொண்டது. ரதியாக வந்த இளைஞன் மண்ணில் விழுந்து அரற்ற, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினர். முதியவர் அழவில்லை. ரதியின் அடவு பிசகுகிறதா என்று கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கும் சடங்குக்கு மாணவன் தங்க இயலவில்லை, விரிவுரைகள் இருந்தன. விடிந்ததும் விடைபெறச் சென்றவனிடம் முதியவர் கேட்டார்:

“கோத்தகிரிப் பக்கமும் காமன் எரிக்கிறாங்களா தம்பி?”

அவனுக்குத் தெரியவில்லை. விடுமுறையில் போய்ப் பார்த்து எழுதுவதாகச் சொன்னான். முதியவர் உள்ளே போய், பழைய கடித உறை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.