சான்று கேட்காத வாசல்

வறுமையினும் கொடியது ஒன்று உண்டு. தன் வறுமையைப் பிறர்முன் எண்பிக்க வேண்டிய நிலை அது. கல்விச் சலுகைக்கும் மருத்துவ உதவிக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டி, பங்கு இல்லத்து வாசலில் தலைகுனிந்து நிற்போரை நாம் அடிக்கடி காண்கிறோம். உதவி கிடைக்கிறது, ஆயினும் அதற்குள் அவர்தம் மாண்பு சிறிது குறைந்துவிடுகிறது.

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களைக் கொண்டே அறுவை மருத்துவம் செய்தவர் அவர். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை அங்கு நோயாளரே தெரிவு செய்யலாம்; வருமானச் சான்று கேட்பதில்லை.

இந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்பது இரக்கம் மட்டுமன்று, ஒழுங்குமாகும். ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாயிருப்பார். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் மருத்துவரின் பணிச்சுமையைக் குறைக்கின்றனர். கண்புரை நீக்கியபின் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்தது. அதனைக் குறைந்த விலையில் செய்ய 1992இல் ஆரோலேப் என்னும் அமைப்பையே உருவாக்கினர். கட்டணம் செலுத்துவோரின் பணம், செலுத்த இயலாதோரின் பார்வையாகிறது.

சான்று கேளாவிடில் சிலர் ஏமாற்றுவரே என அஞ்சுகிறோம். அச்சிலரின் பொருட்டு ஏழையர் அனைவரையும் ஐயுறுவது நீதியாகுமா? நம் பங்கின் மருந்தகத்திலேனும் கல்வி நிதியிலேனும் நம்பிக்கையை முதலீடாக வைத்துப் பார்ப்போமா? அதற்கு நன்கொடை மட்டும் போதாது. நுண்ணறிவும் கடும் உழைப்பும் வேண்டும். சிந்திப்போம்.