சூடாகும் மடிக்கணினி

மகள் உயர்தரப் பாடங்களைப் பார்க்கத் தொடங்கி அரை மணிநேரத்தில் எங்கள் மடிக்கணினி ஸ்திரிக்கைப் பெட்டிபோலச் சூடாகிவிடும். படமும் நின்று நின்று ஓடும். உக்குவளையிலிருந்து மாத்தளை போய் விசாரித்தபோது, ஆறு விசிறியும் வண்ண விளக்கும் கொண்ட ‘கூலிங் பேட்’ ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும், முதலில் சூட்டின் காரணத்தை அறிய விரும்பினேன்.

பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகளால் காற்றை இழுத்து, பின்புறமாகவோ பக்கவாட்டிலோ சூட்டை வெளியேற்றுகின்றன. மெத்தைமீது வைத்தால் துளைகள் அடைபடும். உள்ளே தூசி படிந்திருந்தால் எந்த விசிறியும் முழுப்பயன் தராது. ஆகவே திருத்துபவரிடம் கொடுத்துத் தூசியை அகற்றி, காய்ந்துபோன சூடு கடத்தும் பசையையும் மாற்றினோம். மேசையில் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்தோம். சூடு பெரிதும் தணிந்தது.

அதன்பின்னரே, உலோக வலையும் ஒரே பெரிய விசிறியும் கொண்ட எளிய தட்டு வாங்கினோம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாலும் போதிய காற்றுத் தரும், இரைச்சலும் குறைவு.

சகோதரிகளே, சூடு மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். நாள்தோறும் நெடுநேரம் மடியில் வைத்தால் தொடைத் தோலும் கறுக்கும். கடைக்குப் போகுமுன் கணினியைத் திருப்பித் துளைகள் எங்கே என்று பாருங்கள். விசிறி அதற்கு நேரே அமைய வேண்டும். விளக்கு அலங்காரத்துக்குக் கொடுக்கும் காசு வீண்விரயமே. பிள்ளைகளின் கல்வி நம்மிடமுள்ள அமானிதம். அதற்கு வேண்டியதை அளவறிந்து செய்வோம்.