பூனைக்கு ஒரு வேலி

பயிருக்கு வேலி உண்டு. ஆட்டுக்குப் பட்டி உண்டு. பூனைக்குமா வேலி என்று சிரிக்கிறீர்களா, சகோதரிகளே? ஆயிரக் கணக்கில் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்குகிற காலம் இது. கொஞ்சம் கேளுங்கள்.

பந்தல்குடியில் என் சித்தி தனியாக இருக்கிறாள். துபாய்க்குப் போன மகள் தன் பூனையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பெயர் மல்லி. மகள் வரும்வரை அதற்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று சித்திக்கு ஒரே கவலை. கதவைச் சாத்தியே வைத்தாள். மல்லி ஜன்னலே கதியென்று கிடந்தது. "ஜெயில்லே போட்ட மாதிரி இருக்குடி" என்று என்னிடம் கண் கலங்கினாள்.

நாட்டுப் பூனைக்குத் தெரு நாயும் தெரியும், லாரியும் தெரியும். பாரசீகப் பூனைக்குச் சப்பை மூக்கு, அடர்ந்த ரோமம். வெயிலில் இளைத்துப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் சீமைக்கருவேல முள்ளை அடைக்கச் சொன்னார். முள் ஆட்டைத் தடுக்கும். பூனையோ அடியில் நுழைந்துவிடும். ரோமத்தில் முள் சிக்கும். முள் குவியலில் பாம்பும் தங்கும்.

நான் சொன்ன யோசனை ஆஸ்திரேலியாவினுடையது. அங்கே ரோக்ஸ்பி டவுன்ஸ் ஊருக்கு அருகே, நம் கரிசல் சீமையைவிட வறண்ட நிலத்தில், 1997-இல் 'ஆரிட் ரெகவரி' என்ற காப்பகம் தொடங்கினார்கள். அருகிவரும் சிறு பிராணிகளைப் பூனையும் நரியும் தின்னாமலிருக்க ஆறடி வேலி. அதன் உச்சி வெளிப்புறமாக வளைந்து, விறைப்பில்லாமல் தொங்கும். ஏறுகிற பூனையின் கனத்துக்கு அது ஆடும். பூனை கீழே இறங்கிவிடும்.

அதையே நாங்கள் உள்பக்கமாகத் திருப்பினோம், அவ்வளவுதான்! கொல்லையில் ஆறடிக்குக் கம்பி வலை. மேலே இரண்டடி உள்நோக்கித் தளர்வாக வளைவு. அடியில் அரை அடி மண்ணுக்குள் மடிப்பு. பாம்பு நுழையாதபடி கீழ்ப்பகுதியில் பொடிக்கண் வலை. வேலியோரம் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினோம். இல்லாவிட்டால் அதுவே ஏணி! ஊர்ப் பெயருக்கேற்ப நிழலுக்கு ஓர் ஓலைப் பந்தல், ஒரு மண்சட்டித் தண்ணீர். செலவு ஒரு சுமாரான பட்டுப்புடவை விலை.

வேலி போட்டாயிற்று என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள்.

இப்போது காலையும் மாலையும் மல்லி கொல்லையில் உலாவுகிறது. சித்தியும் மனைபோட்டு அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். பூனையைப் பார்க்க வருகிற தெருப் பெண்கள் அவளோடும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். துபாய்க்கு நாள் தவறாமல் வீடியோவும் போகிறது.